ஹோ சி மின் நகரில் குடும்பத்தோடு முதல் நாள்: காலை முதல் இரவு வரை முழு வழிகாட்டி

வியட்நாம் டிக்கெட் போட்டதுமே வாட்ஸ்அப்பில் யாராவது ஒரு திட்டம் அனுப்பிவிடுவார்கள். இறங்கிய நாளே கூ ச்சி சுரங்கம், அப்படியே மேகாங் டெல்டா, இரவு படகில் சாப்பாடு. இளவட்டங்கள் நாலு பேர் போனால் சரி. இரவு விமானத்தில் அரைத்தூக்கம் தூங்கிய குழந்தையையும், முழங்கால் வலிக்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது ஆகாது. வேனில் போய்வரும் நேரமே பாதி நாளைத் தின்றுவிடும்.

முதல் நாளுக்கு நான் சொல்வது வேறு. ஊரின் நடுப்பகுதியை விட்டு வெளியே போகாதீர்கள். சுதந்திர மாளிகை, தபால் நிலையம், பென் தான் சந்தை, மாரியம்மன் கோவில், நுயென் ஹுவே நடைபாதை எல்லாமே இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கின்றன. நண்பகலில் மூன்று மணி நேரம் ஹோட்டல் அறையில் படுத்துவிடுங்கள். காலையில் ஒரு பாதி, மாலையில் ஒரு பாதி. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கில்தான் போகும்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. 1976-இல் ஹோ சி மின் நகரம் என்று மாற்றினாலும் ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் சாய்கோன்தான். அதேபோல 2025 ஜூலை 1 முதல் மாவட்டம் என்ற நிர்வாக அடுக்கையே அரசு எடுத்துவிட்டது. ஆனால் ஹோட்டல் தளங்களிலும் டாக்ஸிக்காரர்களிடமும் 'டிஸ்ட்ரிக்ட் 1' என்றால்தான் புரியும். நாமும் அப்படியே சொல்வோம்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு இ-விசா வேண்டும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 90 நாள் வரை கிடைக்கும். கூகுளில் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் ஏஜென்ட்டுகளின் தளங்கள். பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும், கட்டணம் இரண்டு மடங்கு. வியட்நாம் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நம் ஆட்களுக்குச் சிக்கல் வருவது பெயரில். இனிஷியலை விரித்து எழுதிய கடவுச்சீட்டு, குடும்பப்பெயர் கட்டம் காலியாக உள்ள கடவுச்சீட்டு என்று வீட்டுக்குள்ளேயே நாலு விதம் இருக்கும். கடவுச்சீட்டின் அடியில் இரண்டு வரியாக ஓடும் எழுத்துகளில் எப்படி இருக்கிறதோ அதை அப்படியே நிரப்புங்கள். விசா வந்ததும் ஒவ்வொருவரின் பெயர், எண், பிறந்த தேதியைச் சரிபாருங்கள். கைக்குழந்தைக்கும் தனி விசாதான்.

வாடகைக் கார் கூப்பிடும் கிராப் ஆப்பை இங்கேயே ஏற்றிக் கணக்குத் தொடங்கிவிடுங்கள். ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்கு வரும்; அங்கே போய் சிம் மாற்றிய பிறகு இதைச் செய்ய உட்கார்ந்தால் விமான நிலைய வாசலில் நின்று விழிக்க வேண்டியிருக்கும். கிராப் தவிர, சான் எஸ்எம் என்ற மின்சாரக் கார் சேவையும் இருக்கிறது. வண்டிகள் புதியவை, பெட்ரோல் வாடை இல்லை. காரில் ஏறினாலே வாந்தி எடுக்கும் குழந்தை இருந்தால் இதைப் போடுங்கள்.

ஹோட்டலை பென் தான் சந்தைக்கும் நுயென் ஹுவே சாலைக்கும் நடுவில் பாருங்கள். புய் வியென் தெருவிலோ அதை ஒட்டியோ விலை குறைவாகக் கிடைக்கும். அது மதுக்கூடத் தெரு. நள்ளிரவு தாண்டியும் ஸ்பீக்கர் அதிரும். குழந்தை தூங்காது, நீங்களும் தூங்க மாட்டீர்கள்.

எப்போது போவது? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லாத காலம். மார்ச், ஏப்ரலில் வெயில் சென்னையை நினைவுபடுத்தும். மே முதல் நவம்பர் வரை பிற்பகல் மழை. நம்ம ஊர் ஐப்பசி அடைமழை போல நாள் முழுக்க நசநசக்காது. கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி நடுவரை எப்போது வேண்டுமானாலும் வரும் தெத் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஊர் காலியாகிவிடும், பாதிக் கடை மூடியிருக்கும்.

விமான நிலையத்தில்

தான் சோன் நியத் விமான நிலையம் நகர நடுவிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் குடிவரவு வரிசை சில காலைகளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். குழந்தைகளை விமானத்தில் இருக்கும்போதே கழிவறைக்கு அனுப்பிவிடுங்கள்.

வெளியே வந்ததும் இரண்டு வேலை. முதலில் சிம். வியட்டெல், வினாஃபோன், மொபிஃபோன் கவுண்டர்கள் வரிசையாக இருக்கும். குடும்பத்துக்கு ஒன்று போதும், மற்றவர்கள் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டலாம். அடுத்தது பணம். இங்கே நூறு டாலர் மட்டும் மாற்றுங்கள், மீதியை ஊருக்குள் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் கையில் வந்ததும் எல்லோரும் லட்சாதிபதி. ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்பதால் நாலு பேர் சாப்பிட்டால் பில் ஐந்து லட்சம் என்று வரும், மயங்கி விழ வேண்டாம். மனக்கணக்கு இப்படிப் போடுங்கள்: மூன்று பூச்சியத்தை வெட்டுங்கள், மிச்சத்தை மூன்றால் பெருக்குங்கள், மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். 60,000 டாங் என்றால் 60, பிறகு 180, ஆக ஏறத்தாழ 200 ரூபாய். கடைப் பலகைகளிலும் மூன்று பூச்சியத்தை விட்டுவிட்டு '60கே' என்றே எழுதுவார்கள்.

நோட்டில் ஒரு கண்ணி உண்டு. 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். இரண்டிலும் அதே ஹோ சி மின் முகம், அதே பிளாஸ்டிக் வழவழப்பு. இரவு டாக்ஸி வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்தால் ஆயிரத்து அறுநூறு ரூபாய் போச்சு. ஐந்து லட்சம் நோட்டுகளைத் தனி உறையில் வைத்து அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். சில்லறை மட்டும் உங்கள் பையில் இருக்கட்டும்.

வாசலில் 'டாக்ஸி, டாக்ஸி' என்று கையைப் பிடிக்காத குறையாக வருபவர்களைக் கடந்து போய் கிராப்பை வரவழையுங்கள். டிஸ்ட்ரிக்ட் 1-க்கு ஒன்றரை லட்சம் டாங்கை ஒட்டி வரும், நெரிசல் நேரத்தில் கூடும். பெட்டிகளோடு ஐந்து பேர் என்றால் ஏழு இருக்கை வண்டியே போடுங்கள். ஆப் வேண்டாம் என்றால் மாய் லின் பச்சை வண்டியும் வினாசன் வெள்ளை வண்டியும் மீட்டர் போட்டு ஓடுபவை. அதே நிறத்தில் போலிகளும் உலவுவதால் பெயரை முழுசாக வாசித்துவிட்டு ஏறுங்கள். முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் நம் பழக்கம் இங்கே செல்லாது: 10 வயதுக்குள்ளும் 1.35 மீட்டர் உயரத்துக்குள்ளும் உள்ள பிள்ளைகள் ஓட்டுநர் வரிசையில் உட்காரக்கூடாது என்று 2024-இல் இயற்றிய சட்டம் சொல்கிறது.

அறை பொதுவாக மதியம் 2 மணிக்குத்தான் கிடைக்கும்; கொஞ்சம் முன்னதாகத் தர முடியுமா என்று கேட்டு வையுங்கள். காலையில் இறங்குபவர்கள் பெட்டியை வரவேற்பறையில் விட்டுவிட்டு முகம் கழுவி, உடை மாற்றிக் கிளம்பலாம். மிகவும் களைத்திருந்தால் கீழே உள்ள காலைப் பகுதியை மறுநாளுக்குத் தள்ளிவிட்டு நேரே மாலைப் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

காலை 7:30: சாப்பாடு

வியட்நாம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே காலை 7 என்றால் குழந்தையின் உடம்புக்கு 5:30. அடித்து எழுப்ப வேண்டாம், ஏழரைக்கு மேசைக்கு வந்தால் போதும்.

ஹோட்டலில் காலை உணவு சேர்ந்திருந்தால் முதல் நாள் அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. வெளியே சாப்பிட ஆசை என்றால் பான் மீ இருக்கிறது: மொறுமொறு ரொட்டியைப் பிளந்து உள்ளே கேரட், வெள்ளரி, கொத்தமல்லி, விருப்பப்பட்டது. முட்டை மட்டும் வைத்துக் கொடுப்பார்கள். ஆனால் ஈரல் பேஸ்ட்டைத் தடவும் பழக்கம் உண்டு, தடவும் முன்பே கையை ஆட்டித் தடுக்க வேண்டும்.

இறைச்சி விஷயத்தில் ஐந்து சொல் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். 'பொ' மாடு, 'ஹேயோ' பன்றி, 'கா' என்று இழுத்தால் கோழி, 'தோம்' இறால். 'சாய்' என்றால் சைவம். சுவரில் 'சாய்' என்று எழுதிய கடை டிஸ்ட்ரிக்ட் 1-இல் தெருவுக்குத் தெரு அகப்படும். பௌத்த வழக்கப்படி அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஊரில் பலர் சைவம் சாப்பிடுவதால் அன்றைக்கு இன்னும் எளிது. அந்தக் கடைகளில் கோழித்துண்டு போலவே ஒன்று தட்டில் வரும். சோயாவில் செய்தது. பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

சாதாரணக் கடையில் 'காய்கறி மட்டும்' என்று கேட்டால் கீரை வதக்கல் வரும். அதில் மீன் சாஸ் இருக்கும். அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. 'இறைச்சி, மீன், மீன் சாஸ் எதுவும் வேண்டாம்' என்பதை வியட்நாமிய மொழியில் மாற்றி போனில் படமாக வைத்துக்கொண்டு காட்டுங்கள். தயிர்சாதக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: சிறு கடைகளில் கிடைக்கும் வினாமில்க் தயிர் பெரும்பாலும் சர்க்கரை போட்டது. சர்க்கரையில்லாதது என்று எழுதிய டப்பாவையே கேட்டு வாங்குங்கள். வெள்ளைச் சோறு எங்கேயும் கிடைக்கும். ஊறுகாய் உங்கள் பெட்டியில்.

தெருவைக் கடப்பது: முதல் பாடம்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். நமக்கு ரத்தத்தில் ஊறியது முதலில் வலப்பக்கம் பார்ப்பது. இங்கே வண்டி இடப்பக்கமிருந்து வரும். நடைபாதையிலிருந்து இறங்கும் அந்த ஒரு நொடியில்தான் ஆபத்து. பிள்ளைகளிடம் 'முதலில் இடம்' என்று சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள்.

மோட்டார் பைக்குகள் வெள்ளமாக வரும், நிற்காது. அதற்காகக் காத்திருந்தால் மாலை வரை நிற்கலாம். எல்லோரும் கைகோத்து, வண்டி வரும் பக்கம் ஒரு பெரியவர் நின்று, ஒரே சீரான வேகத்தில் நடக்க வேண்டும். ஓடக்கூடாது, நடுவில் நிற்கக்கூடாது, பின்னால் திரும்பவே கூடாது. பைக்காரர் உங்கள் வேகத்தைக் கணித்து முன்னாலோ பின்னாலோ வளைந்து போவார். நீங்கள் திடீரென்று நின்றால் அவர் கணக்கு தப்பும். காருக்கும் பஸ்ஸுக்கும் இந்த வித்தை பலிக்காது. அவை வந்தால் விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். சிக்னல் உள்ள சந்திப்பு பக்கத்தில் இருந்தால் நூறு மீட்டர் கூடுதலாக நடந்தாலும் அங்கேயே கடந்து போங்கள். நெரிசலில் பைக்குகள் நடைபாதையிலும் ஏறி வரும், ஆகவே நடைபாதையில் பிள்ளையின் கையை விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

போனைச் சாலை ஓரமாக நீட்டிப் பிடித்து மேப் பார்க்க வேண்டாம். பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போவது இந்த ஊரில் சகஜம். கடையின் உள்பக்கம் ஒதுங்கி நின்று பாருங்கள்.

காலை 8:15: சுதந்திர மாளிகை

வாசல் 8 மணிக்குத் திறக்கும். சீக்கிரம் போகச் சொல்வதற்குக் காரணம் கூட்டம் மட்டுமில்லை: இந்தக் கட்டடம் பெரும்பாலும் காற்றோட்டத்தை நம்பிக் கட்டியது, பத்தரைக்கு மேல் மாடியில் புழுங்கும். நுழைவு பெரியவருக்கு 40,000 டாங்கை ஒட்டி, பழைய மாளிகை பற்றிய தனிக் கண்காட்சியும் சேர்த்தால் கூடுதல். குழந்தைகளுக்குக் குறைவு. முதல் தடவைக்கு மாளிகை மட்டும் போதும்.

கதையை உள்ளே போகும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அது வெறும் நாற்காலிகளின் வரிசை. இங்கே முதலில் பிரெஞ்சுக்காரர்களின் நொரொதோம் மாளிகை இருந்தது. நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தபின் தென் வியட்நாம் அதிபர் அதில் இருந்தார். 1962 பிப்ரவரியில் தென் வியட்நாமின் சொந்த விமானப்படை விமானிகள் இருவர் தங்கள் அதிபர் மீதே குண்டு போட்டார்கள். அவர் தப்பிவிட்டார், மாளிகையின் ஒரு பக்கம் போனது. இடித்துவிட்டு, நோ வியெட் து என்ற கட்டடக் கலைஞரின் வரைபடப்படி கட்டி 1966-இல் முடித்தார்கள். 1975 ஏப்ரல் 30 காலை வட வியட்நாமின் டாங்கிகள் இந்த இரும்புக் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தன. போர் அன்று முடிந்தது. புல்வெளியில் 390, 843 என்று எண் எழுதிய இரண்டு டாங்கிகள் நிற்கும். அவை அதே ரகம்தான், அன்று வந்த டாங்கிகள் ஹனோயில் இருக்கின்றன.

உள்ளே எல்லா அறையும் பார்க்க வேண்டியதில்லை. நான்கைச் சொல்கிறேன். தூதர்களை வரவேற்கும் அறையில் நாற்பது பலகைகளைச் சேர்த்துச் செய்த அரக்கு ஓவியம். கிட்டப் போய் ஒரே பலகையைப் பார்த்துவிட்டுப் பத்தடி பின்னால் வந்து முழுசாகப் பாருங்கள். அதிபர் குடும்பம் வாழ்ந்த பகுதியில் நிறுத்தி வைத்திருக்கும் யானைக்கால்கள். ஆமாம், உண்மையான யானையின் கால்களே. குழந்தைகள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள், தயாராக இருங்கள். மூன்றாவது, மொட்டை மாடியில் ஹெலிகாப்டரும் தரையில் சிவப்பு வட்டங்களும். 1975 ஏப்ரல் 8 அன்று தென் வியட்நாம் விமானப்படையில் ரகசியமாக இருந்த வடதரப்பு விமானி ஒருவர் போட்ட குண்டுகள் விழுந்த இடம் அது.

கடைசியாகச் சுரங்க அறைகள். இதற்காகத்தான் பிள்ளைகள் வருவார்கள். தாழ்ந்த கூரை, பச்சைச் சாயமடித்த இரும்புக் கதவு, சுவர் முழுக்கப் போர் வரைபடங்கள், மேசை மேல் ரோட்டரி போன்கள், வரிசையாக ரேடியோப் பெட்டிகள். சுழற்றி டயல் செய்யும் போனைப் பார்த்தே இராத பிள்ளைக்கு அதை விளக்கப் பத்து நிமிடம் போகும்.

படி ஏற முடியாத பெரியவர்களைத் தரைத்தளத்தோடு நிறுத்தி, பின்பக்கத் தோட்டத்து நிழலில் உட்கார வையுங்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம் போதும்.

காலை 10: தேவாலயம், தபால் நிலையம், புத்தகத் தெரு

முன்வாசலில் வெளியே வந்தால் எதிரே பெரிய மரங்கள் அடர்ந்த பூங்கா. அதன் நிழலிலேயே நேராக அரை கிலோமீட்டர் நடந்தால் நோத்ர தாம் தேவாலயம். 1877 முதல் 1880 வரை கட்டியது, செங்கல்லைப் பிரான்ஸிலிருந்தே கப்பலில் கொண்டுவந்தார்கள். 2017-இல் தொடங்கிய பழுதுபார்ப்பு இன்னும் முடியாததால் சாரம் கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். வெளியே ஒரு படம், நகர்ந்துவிடலாம்.

பக்கத்திலேயே மஞ்சள் நிறத்தில் மத்தியத் தபால் நிலையம். 1886-இல் தொடங்கி 1891-இல் முடிந்தது. ஐஃபல் கோபுரம் கட்டியவர் கட்டினார் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். கட்டியவர் அல்ஃப்ரெட் ஃபூலூ என்ற வேறொருவர். உள்ளே நுழையும் முன் நில்லுங்கள். முகப்பில் ஜன்னல்களுக்கு இடையே பெயர்ப் பட்டைகள் இருக்கும்: வோல்டா, ஆம்பியர், ஓம், ஃபாரடே. எட்டாம் வகுப்பு தாண்டிய பிள்ளை உங்களோடு இருந்தால் 'உன் பாடப்புத்தகத்தில் இருக்கும் எத்தனை பேர் இந்தச் சுவரில் இருக்கிறார்கள், கண்டுபிடி' என்று விட்டுவிடுங்கள். தந்தி வந்த காலத்து அஞ்சலகம் என்பதால் மின்சாரக்காரர்களுக்குத்தான் மரியாதை.

உள்ளே வளைந்த உயரமான கூரை, இருபக்கச் சுவரிலும் கையால் வரைந்த பழைய வரைபடங்கள், மரத்தாலான தொலைபேசிக் கூண்டுகள். அனுமதி இலவசம். இன்னும் வேலை செய்யும் அஞ்சலகம் இது: ஒரு படஅட்டை வாங்கி, பிள்ளை கையாலேயே தாத்தா பாட்டிக்கோ வகுப்பு டீச்சருக்கோ எழுத வைத்து, தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போடுங்கள். முகவரியை ஆங்கிலத்தில், 'இந்தியா' என்பதைப் பெரிய எழுத்தில்.

அஞ்சலகத்தின் பக்கவாட்டில் நுயென் வான் பின் புத்தகத் தெரு. 2016-இல் திறந்த, வண்டி வராத சிறு சந்து; நிழல், சிற்றுண்டிக் கடை, பிள்ளைகளுக்கான படப்புத்தகம். பெரியவர்கள் பாலும் ஐஸும் போட்ட வியட்நாம் காபியை இங்கே குடித்துப் பாருங்கள். கடுங்காபி, காலி வயிற்றில் வேண்டாம்.

கழிவறை தேவைப்பட்டால் தேவாலயத்தின் பின்னால் உள்ள டைமண்ட் பிளாசா வணிக வளாகத்துக்குப் போங்கள். கைக்குழாய் வைத்த கழிவறைகள் வியட்நாம் முழுக்க வழக்கம், நமக்கு அது பெரிய நிம்மதி.

போர் அருங்காட்சியகம் இங்கிருந்து நடக்கும் தூரம்தான், எல்லாத் திட்டத்திலும் முதல் நாளே இருக்கும். நான் வைக்க மாட்டேன். போரில் தூவிய ரசாயன மருந்தால் உருக்குலைந்து பிறந்த குழந்தைகளின் படங்கள் அங்கே பெரிய அளவில் இருக்கின்றன. பார்க்க வேண்டிய இடம், சந்தேகமில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளை வெளியே டாங்கியும் விமானமும் நிற்கும் முற்றத்தில் ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர் உள்ளே போய்வருவது என்று வேறொரு நாளில் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 11:30 முதல் 3 வரை

சாப்பாடு, அறை, தூக்கம். இந்த நேரத்தில் ஏதாவது சேர்க்கலாமே என்று கை பரபரக்கும், சேர்க்காதீர்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீரையே குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

பிற்பகல் 3:30: மாரியம்மன் கோவில்

வெயில் தணியும்போது ட்ருவோங் டின் சாலை 45-ஆம் எண்ணுக்குப் போங்கள். பென் தான் சந்தையிலிருந்து முந்நூறு மீட்டர். வரிசையாகக் கடைகள் நடுவே திடீரென்று வண்ணச் சுதைகளோடு ஒரு ராஜகோபுரம் எழுந்து நிற்கும். நம்மூர் தெருவில் பார்த்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம், இங்கே பார்க்கும்போது காலே நின்றுவிடும்.

பிரெஞ்சு ஆட்சியில் வட்டிக்கடை வைக்க வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அரசு உத்தியோகத்துக்கு வந்த புதுச்சேரி, காரைக்கால்காரர்கள், வியாபாரத்துக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள் என்று ஒரு பெரிய தமிழ்க் கூட்டம் இந்த ஊரில் வாழ்ந்தது. போரும் அரசியல் மாற்றமும் வர, பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். கோவில் நின்றது. இப்போது அதை நிரப்புவது வியட்நாமியர்களும் சீன வம்சாவளியினரும்தான். மூலஸ்தானத்தில் மாரியம்மன், பக்கத்தில் மதுரை வீரனும் பேச்சியம்மனும். கும்பிடும் முறை மட்டும் அவர்களுடையது: கட்டுக்கட்டாக ஊதுபத்தி, தட்டு நிறையப் பழம். சந்நிதிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். கல்சுவரில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, நெற்றியையும் ஒட்டிக்கொண்டு, அம்மனின் காதில் சொல்வதுபோல மெல்லிய குரலில் வேண்டுதலைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வேண்டிக்கொள்பவர்களை முகத்துக்கு நேராகப் படம் எடுக்காதீர்கள்.

அனுமதி இலவசம், செருப்பைக் கழற்ற வேண்டும். வாசலில் பூவும் ஊதுபத்தியும் கையில் திணிப்பவர்களிடம் விலை கேட்காமல் வாங்க வேண்டாம்.

செட்டியார்கள் கட்டிய தெண்டாயுதபாணி கோவில் தோன் தாத் தியெப் தெரு 66-இல் இருக்கிறது. முருகனைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் மறுநாள் காலை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஓபரா மாளிகைக்குப் பக்கத்தில் டோங் யூ தெருவில் 1935-இல் இந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலும் உண்டு. சுற்றிலும் ஹலால் உணவகங்கள் இருப்பதால் முஸ்லிம் குடும்பங்கள் இரவுச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

மாலை 4:15: பென் தான் சந்தை

1914-இல் திறந்த சந்தை, முகப்பில் கடிகாரக் கோபுரம். உள்ளே சந்துகள் குறுகல். முக்கால் மணி நேரத்துக்கு மேல் குழந்தைகள் தாங்க மாட்டார்கள். சொல்லும் விலையில் பாதிக்கும் கீழே தொடங்குங்கள், சிரித்துக்கொண்டே. ஒத்துவராவிட்டால் நகருங்கள், பின்னாலிருந்தே கூப்பிடுவார்கள். கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவதுதான் பொதுமொழி. வாங்குவதென்றால் முந்திரி, காபித்தூள், பிள்ளைகளுக்கு வியட்நாம் பட்டுச் சட்டை. காபியும் முந்திரியும் சூப்பர்மார்க்கெட்டில் ஒட்டிய விலைக்கே நல்லதாகக் கிடைக்கும் என்பதால் முதல் நாளே சுமக்க வேண்டாம் என்பது என் கட்சி.

வெளியே தோளில் இளநீர்க் காவடியோடு ஒருவர் வந்து 'தூக்கிப் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள்' என்பார். எடுத்து முடித்ததும் இளநீரைச் சீவி நீட்டி, வாயில் வந்த விலை சொல்வார். காவடியைத் தொடாமல் இருப்பதே வழி. சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினால் மொத்த விலையா, தலைக்கு விலையா, டாங்கா டாலரா என்று எழுதிக் காட்டி ஒப்புக்கொண்ட பிறகே ஏறுங்கள்.

மாலை 5:15: மெட்ரோவில் ஒரு சுற்று

2024 டிசம்பர் 22-இல் ஓடத் தொடங்கிய முதல் மெட்ரோ பாதை, சந்தைக்கு எதிரிலேயே சுரங்க நிலையமாகத் தொடங்குகிறது. 19.7 கிலோமீட்டர், 14 நிலையங்கள், முதல் மூன்று மட்டும் தரைக்கு அடியில். நமக்கு அடுத்த நிலையமான ஓபரா மாளிகையில் இறங்கினால் போதும்தான். ஆனாலும் பிள்ளைகளுக்காக அதைத் தாண்டிப் போங்கள். மூன்றாவது நிலையம் கழிந்ததும் ரயில் வெளிச்சத்துக்கு ஏறும். 461 மீட்டர் உயர லேண்ட்மார்க் 81 கட்டடம் ஜன்னலில் வரும். பிறகு சாய்கோன் ஆற்றைக் கடந்து ஆறாவது நிலையமான தாவ் தியென். அங்கே இறங்கி எதிர் ரயிலில் திரும்பி ஓபரா மாளிகை நிலையத்தில் வெளியே வாருங்கள். கீழே சாலையில் அலுவலகம் விட்ட பைக்குகள் நகராமல் நிற்பதை மேலிருந்து ஏசியில் உட்கார்ந்து பார்ப்பது தனி சுகம். கட்டணம் தூரத்துக்கேற்ப அதிகபட்சம் 20,000 டாங்.

மழை பிடித்துக்கொண்டால் சந்தையையும் மெட்ரோவையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். மழைக்கோட்டு எல்லாச் சிறு கடையிலும் மலிவாகக் கிடைக்கும்.

மாலை 6:15: நுயென் ஹுவே

ஆறு மணியளவில் இருட்டத் தொடங்கும், விளக்குகள் எரியும். ஓபரா மாளிகை 1900-இல் திறந்தது. முன்படியில் கல்யாணப் படம் எடுக்கும் ஜோடிகள் நிற்பார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் நுயென் ஹுவே. ஒருகாலத்தில் கால்வாய், பிரெஞ்சுக்காரர்கள் தூர்த்துச் சாலையாக்கினார்கள், 2015-இல் நடுப்பகுதி நடைபாதையானது. ஒரு முனையில் பழைய நகர மன்றமும் ஹோ சி மின் சிலையும், மறுமுனையில் ஆறு. நடுவில் பிள்ளைகள் ஓடலாம், முழு நாளில் கையை விடக்கூடிய ஒரே இடம் இதுதான். ஆனால் இரு ஓரமும் வண்டி ஓடும் சாலை என்பதை மறக்க வேண்டாம்.

42-ஆம் எண்ணில் ஒன்பது மாடிப் பழைய குடியிருப்பு, ஒவ்வொரு பால்கனியும் ஒரு காபிக் கடை. லிஃப்டுக்குச் சில ஆயிரம் டாங் வாங்குவார்கள். சில கடைகளில் அதைப் பில்லில் கழித்துக்கொள்வார்கள். நாலாவது, ஐந்தாவது மாடியில் சாலையைப் பார்த்த இருக்கை கிடைத்தால் உட்காருங்கள். குழந்தைகளுக்குப் பழ மில்க்‌ஷேக்.

இரவு 7:30

நாள் முழுக்க அறியாத சாப்பாட்டைச் சாப்பிட்ட பிள்ளைக்கு இரவில் தெரிந்த சாப்பாடு கொடுங்கள். டிஸ்ட்ரிக்ட் 1-இல் இந்திய உணவகங்கள் நிறைய உண்டு. விலை உள்ளூர்க் கடையைவிட இரண்டு மூன்று மடங்கு. தோசை சாம்பார் நம்மூர் ருசியில் இருக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம், சோறும் பருப்பும் ஏமாற்றாது.

திரும்பும்போது மூன்று தெருவே தூரமென்றாலும் வண்டியில் போங்கள், நகரத்துக்குள் 50,000 டாங்கைச் சுற்றித்தான் ஆகும். உடம்புக்கு இன்னும் இந்திய நேரம் என்பதால் பிள்ளைகள் பதினொன்று வரை விழித்திருப்பார்கள்; அறை விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிடுங்கள். மறுநாள் கூ ச்சிக்கோ மேகாங்குக்கோ பதிவு செய்திருந்தால் வேன் காலை 7, 8 மணிக்கே வாசலுக்கு வரும். எந்த ஹோட்டல், எத்தனை மணி, எத்தனை சைவச் சாப்பாடு என்பதைப் படுக்கும் முன் அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பி உறுதிசெய்துகொள்ளுங்கள். சைவச் சாப்பாட்டை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மதியம் வெள்ளைச் சோறும் வெள்ளரிக்காயும்தான் கிடைக்கும்.